மூன்றாம் தப்படியில் ஒரு கல்

“ஏங்கண்ணு, எங்கப்பன் காதை எதுல அளப்பே? வள்ளத்துலயா, படியிலயா?” ஊர்க்கவுண்டரின் மகன் கேட்டதும் களத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சிரிப்புக்குப் பயந்து திரும்புகிறவள் இல்லை.

என் அத்தை புருஷனை இழந்தவள். அவளுடைய சாமைக்காட்டைக் கொழுந்தன் பிடித்துக்கொண்டான். ஊர்க்கூட்டத்தில் இரண்டு முறை முறையிட்டாள். இரண்டு முறையும் கவுண்டர், “இந்தம்மா ஒண்ணுஞ் சொல்லலியே” என்று எழுந்துவிட்டார். அவர் கொழுந்தன் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று மலைமேல் எங்கள் எடப்புளி நாடு முழுக்கப் பேச்சு.

எனக்கு வேறு சந்தேகம். அடிவாரத்து விடுதியில் படித்தபோது, வயதான சமையல்காரரின் காதை ஒரு டாக்டரம்மா சோதித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முதுமையில் பெண்குரல் மாதிரி உச்சமான ஒலிகள்தான் முதலில் மங்கும், தடித்த குரல் அதற்குப் பிறகும் கேட்கும் என்றார். கவுண்டர் ஆண்களோடு தடையில்லாமல் பேசியதால் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. பெண்களோ களத்தின் ஓரத்தில், ஆண்களுக்குப் பின்னால் நின்றுதான் பேச வேண்டும்.

காதை அளந்து பார்க்கலாமா என்று நான் கேட்டதற்குக் கவுண்டர் சம்மதித்தார். வாயசைவு தெரியாதபடி அவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். பத்துத் தப்படி தள்ளி நின்று மகன் எண்களைச் சொன்னார். கவுண்டர் ஒன்று விடாமல் திருப்பிச் சொன்னார். அதே இடத்திலிருந்து அதே அளவு சத்தத்தில் நானும் சொன்னேன். எல்லா எண்களையும் நான் சொல்லி முடித்த பிறகு, “ஆரம்பி சாமி” என்றார்.

யாரும் சிரிக்கவில்லை.

ஒவ்வொரு தப்படியாக நெருங்கினேன். அவருடைய இடப்பக்கம், மூன்று தப்படிக்கு வந்ததும் “ஏழு” என்றார். சரியான எண். கண்ணைத் திறந்து, நான் நின்ற இடத்தைப் பார்த்தார்.

“பொம்பளைங்க சும்மா வாயசச்சுட்டுப் போறாங்கன்னு இருந்தனே.”

அந்த இடத்தில் ஒரு கல்லை நட்டேன். மகனுக்குப் பொறுக்கவில்லை. “பொம்பள இத்தன முன்னால வந்து நிக்கறதாங்கய்யா?”

“கேக்கற எடத்துலதான்டா நிக்கோணும்.”

அடுத்த கூட்டத்தில் அத்தை அந்தக் கல்லருகே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். கவுண்டர் இடையிடையே கேள்வி கேட்டார், கொழுந்தனிடம் அதைவிட அதிகமாகக் கேட்டார். பொழுது சாய்வதற்குள் காடு அவள் கைக்கு வந்தது. அளந்தவள் நான் என்ற பெருமையை நான் மறைக்கவில்லை.

சேதி மலையில் பரவியது. பெரக்கரை நாட்டுப் பெண்கள் ஆள் அனுப்பினார்கள். போன வெள்ளிக்கிழமை நடந்தே போய், அங்கும் ஒரு கல்லை நட்டுவிட்டு வந்தேன். அந்த ஊர்க்கவுண்டரின் காதுக்கு அது ஐந்தாம் தப்படியில்.