டார்ச் அக்கா

அக்கா பேசுவதற்கு முன் உள்ளங்கையால் மேசையைத் தட்டுவார். நாம் திரும்பிய பிறகுதான் வாயைத் திறப்பார். உதடு மட்டும் அசையும், சத்தம் வராது. வெளிச்சம் போதவில்லையென்றால் பையிலிருந்து டார்ச்சை எடுத்துத் தன் வாய்க்கே அடித்துக்கொள்வார். அறுந்த இழை தேடுவதற்காகத் தறிக்கூடத்தில் கொடுத்த டார்ச் அது. வேலையை விட்டும் டார்ச்சை விடவில்லை. "முப்பது வருஷமா திட்டு வாங்குறேன். இன்னும் ஒண்ணுகூட காதுல விழல" என்பார் அவர் வீட்டுக்காரர்.

நாற்பது தறி ஓடும் கூடத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அதனால் உதட்டால் பேசினோம். கற்றுக்கொடுத்தவர் மைனா. ஏழு வயதில் வந்த காய்ச்சலில் காது போய், பேச்சும் நின்றுபோனவர். அவருக்கு மைனா என்று பெயர் வைத்தது எங்கள் கூடத்துக் குசும்பு. கடவுள் மன்னிக்கட்டும்.

ஓடும் தறியையே துடைக்கச் சொல்வார்கள். ஒருநாள் ஒரு பெண்ணின் விரல் போனது. முதலில் பார்த்தவர் மைனா. உதட்டால் "நிறுத்து" என்றார். அக்கா தன் தறியை நிறுத்திவிட்டு அடுத்த வரிசைக்குச் சொன்னார். சொல் தறிக்குத் தறி தாவி, நாற்பதும் நின்றன. சூப்பர்வைசர் எங்கள் நடுவில்தான் நின்றிருந்தார். பாவம், அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். மறுவாரம் மற்ற மில்களும் நின்றன. பேச்சுவார்த்தைக்கு அக்கா போனதால் பத்திரிகையில் அக்கா படம் வந்தது.

இப்போது அதைச் சினிமாவாக எடுத்திருக்கிறார்கள். எடுப்பதற்கு முன் அக்காவிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்க இயக்குநர் வந்தபோது நானும் இருந்தேன். கதாநாயகி நூல் பெட்டிமேல் ஏறி நின்று பேசுவாராம்.

"தறி ஓடுறப்ப யாருக்குப்பா கேக்கும்?"

"சத்தத்தைக் குறைச்சுடுவோம்மா."

"அன்னைக்கே நீங்க வந்திருக்கலாம் தம்பி."

படத்தில் மைனா வரவேண்டும். அக்கா கேட்டது அது ஒன்றுதான். இயக்குநர் தலையாட்டினார், அக்கா கையெழுத்துப் போட்டார். வாசலுக்குப் போன இயக்குநர், கண்ணாடிச் சன்னலுக்கு அப்பால் நின்று உதவியாளரிடம் ஏதோ சொன்னார். அக்கா அவர் உதட்டைப் படித்து எனக்குச் சொன்னார்: "பேசாத பொம்பளைய வெச்சு எடுத்தா எவன் பார்ப்பான்ங்கிறாரு." காகிதம் அதற்குள் அவர் பைக்குள் போயிருந்தது. அக்கா எழுந்து போய், முதல் நாள் காட்சிக்கு மூன்று டிக்கெட் மட்டும் கேட்டுவிட்டு வந்தார்.

பகல் காட்சி. மைனாவை எங்கள் நடுவில் உட்காரவைத்தோம். திரையில் மைனா இல்லை. கதாநாயகி பெட்டிமேல் நின்று நான்கு நிமிடம் பேசினார். அக்கா டார்ச்சைத் தன் வாய்க்கு அடித்து, அவ்வளவையும் மைனாவுக்கு ஒரே சொல்லில் சொல்லி முடித்தார்: "நிறுத்து."

மைனா கொஞ்சம் யோசித்தார். பிறகு உதட்டை அசைத்தார். "அதை நான்தானே சொன்னேன்?"

அக்கா டார்ச்சை அணைத்துவிட்டார்.

படம் முடிந்து விளக்கு எரியும் முன்பே ஒலிபெருக்கியில் இயக்குநர் குரல் வந்தது. அன்று "நிறுத்து" என்று சொன்ன வீரப்பெண் இதே அரங்கில் இருக்கிறாராம், எழுந்து நிற்கவேண்டுமாம். கைதட்டல். இருட்டில் எல்லாரும் திரும்பித் திரும்பித் தேடினார்கள். அக்கா எழவில்லை. டார்ச்சைப் போட்டு, மைனாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.