படிக்காமல் விட்ட கட்டம்

"தாள்ல இருக்கிற இங்கிலீசைப் படிச்சிருவ. அது என்ஜினுக்குள்ள போனா என்ன செய்யும்னு படிப்பியா, டீச்சரம்மா?"

மேஸ்திரி இப்படிக் கேட்டபோது நான் டீச்சர் ஆகியிருக்கவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. தேறி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. எங்கள் வகையறாவில் கையெழுத்துக்கு மேல் நாலு எழுத்து எழுதத் தெரிந்த ஆண்பிள்ளைகூட அதுவரை கிடையாது. நான் செருப்புப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்ததற்கே திருமங்கலத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். அதையெல்லாம் நான் காதில் வாங்கியதில்லை. மேஸ்திரி கேட்டது மட்டும் உள்ளே போய்த் தைத்தது. அவர் சிரித்துக்கொண்டே கேட்டார், சுற்றி நின்ற டிரைவர்களும் சிரித்தார்கள்.

எங்கள் வீட்டுக்கு எதிரே, ரோட்டின் அந்தப் பக்கம், தகரக் கூரை போட்ட கார் ரிப்பேர்ப் பட்டறை அவருடையது. அதை ஒட்டி வாடகைக் கார்கள் நிற்கும் ஸ்டாண்டு. அண்ணனின் காரும் அங்கேதான் நிற்கும். அது யாரோ ஒரு துரை ஓட்டிக் கழித்த பழைய திறந்த கார். அண்ணன் அதன் பின்பாதியை அறுத்துவிட்டு, எதிரும் புதிருமாக இரண்டு பலகை போட்டு, மேலே கித்தான் கட்டியிருந்தான். எட்டுப் பேர் உட்காரலாம் என்பான். பத்துப் பேரை ஏற்றுவான். திருமங்கலத்திலிருந்து மதுரைக்குப் போகிற ரோட்டில் அவனுக்கு ஒரே ஒரு எதிரி, காலை பஸ். எது முன்னால் போகிறதோ அதற்குத்தான் வழியில் கை காட்டுகிறவர்கள் கிடைப்பார்கள். பழைய என்ஜினை வைத்துக்கொண்டு அண்ணனால் அந்த பஸ்ஸை ஒரு நாளும் முந்த முடியவில்லை.

அதற்காகத்தான் பம்பாயிலிருந்து பார்சல் வரவழைத்தான். அலுமினியத்தில் செய்த பிஸ்டன் நான்கு. பெட்ரோல் ஆவியை இன்னும் இறுக்கி அழுத்துகிற மாதிரி செய்த என்ஜின் மேல்மூடி ஒன்று. காரோடு வந்த இரும்பு பிஸ்டனைக் கழற்றிவிட்டு இவற்றை மாட்டினால் வேகம் பிய்த்துக்கொண்டு போகும் என்று மதுரையில் யாரோ சொல்லியிருந்தார்கள். பார்சலுக்குள் எட்டாக மடித்த ஒரு இங்கிலீஷ் தாளும் இருந்தது.

"ஏ புள்ள, வந்து படிச்சுச் சொல்லு" என்று அண்ணன் ரோட்டைத் தாண்டி என்னைக் கூட்டிப்போனான். போகும்போதே ஸ்டாண்டில் இருந்தவர்களையும் கூப்பிட்டான். தங்கச்சி இங்கிலீஷ் படிக்கிறதை எல்லாரும் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. அப்போதுதான் மேஸ்திரி அந்தக் கேள்வியைக் கேட்டார்.

தாளைப் பிரித்து, தலைப்பிலிருந்து தொடங்கி, ஒரு வாக்கியம் இங்கிலீஷில் படிப்பது, அதையே தமிழில் சொல்வது என்று மளமளவென்று போனேன். பிஸ்டன் எவ்வளவு கனம் குறைவு, எப்படித் துடைக்க வேண்டும், எந்த எண்ணெய் விட வேண்டும். டிரைவர்கள் சிரிப்பை விட்டுவிட்டு அருகே வந்தார்கள். ஒருவர் பீடியைக்கூட அணைத்துவிட்டார்.

தாளின் கடைசியில் ஒரு கட்டம் இருந்தது. பக்கத்தில் பிஸ்டனின் படம், அதன் விலாவைப் பார்த்து ஒரு அம்புக்குறி. கட்டத்துக்குள் எல்லாம் அங்குலத்தில் ஆயிரத்தில் இத்தனை பங்கு என்று எண்கள். எழுத்தெல்லாம் படிக்க வந்தது. எதை அளக்கச் சொல்கிறார்கள் என்பதுதான் விளங்கவில்லை. நான் அதுவரை பிஸ்டன் என்ற ஒன்றைக் கண்ணால் பார்த்ததே அன்றைக்குத்தான்.

என் வாய் நின்றதை மேஸ்திரி கவனித்துவிட்டார்.

"அந்தக் கட்டத்துல என்ன போட்டிருக்கு?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. ஆனால் அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு மறுபடி வரத் தயாராக இருந்தது.

"அது கம்பெனிக்காரங்க அவங்களுக்குள்ள எழுதிக்கிறது. நமக்கில்ல."

"வேற ஒண்ணும் இல்லையா?"

"அம்புட்டுத்தான்" என்று தாளை மடித்தேன்.

மேஸ்திரி ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு "சரி" என்று வேலையைத் தொடங்கினார். இரும்பு பிஸ்டனுக்கு அவர் எப்படிச் செய்வாரோ அப்படியேதான் இதற்கும் செய்தார். சிலிண்டர் ஓட்டையில் எண்ணெய் தடவி, பிஸ்டனை அந்த ஓட்டையின் வாயில் வைத்துக் கையை எடுத்தார். அது தன் கனத்திலேயே இறங்கியது, மிக மெதுவாக, ஆடாமல்.

"பாத்துக்க மாப்ள. கல்யாணப் பொண்ணு மணவறைக்கு வர்ற மாதிரி வரணும். ஓடியும் வரக்கூடாது, நிக்கவும் கூடாது."

அண்ணன் கைதட்டினான்.

மூன்றாம் நாள் காலை மதுரைக்கு முதல் ஓட்டம். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் தலைவாரி, நல்ல சேலை கட்டி, அண்ணன் பக்கத்தில் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். பின்னால் பருத்தித் தரகர் இருவர், கூடையில் கோழிகளோடு ஒரு அம்மாள், இன்னும் நாலைந்து பேர். கார் புறப்பட்ட விதமே வேறாக இருந்தது. கப்பலூர் தாண்டியதும் முன்னால் பஸ்ஸின் புழுதி தெரிந்தது. அண்ணன் ஹாரனை அமுக்கிக்கொண்டே வலது பக்கம் ஏறினான். பஸ் டிரைவரின் முகம் என் தோளுக்கு நேரே வந்து, பின்னால் போயிற்று. கோழிக்காரம்மா "ஆத்தாடீ!" என்று கத்தினார். நான் திரும்பிப் பார்த்தேன். அந்தச் சமயத்தில் இந்த உலகத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்றிருந்தது.

திருப்பரங்குன்றம் மலை கண்ணுக்கு நேரே வந்தபோது சத்தம் மாறியது. முதலில் ஒரு கீச்சு. பிறகு காய்ந்த சட்டியில் எண்ணெய் தீய்கிற நாற்றம். அண்ணன் காலை அழுத்த அழுத்தக் கார் இழுக்க மாட்டாமல் திணறியது. யாரோ அடியிலிருந்து பிடித்து நிறுத்தியது போல ஒரு குலுக்கல், நின்றுவிட்டது. அண்ணன் இறங்கி முன்னால் என்ஜினைக் கிளப்பும் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினான். அசையவில்லை. இன்னொருவர் சேர்ந்து தொங்கினார். அப்போதும் அசையவில்லை.

பின்னால் விட்ட பஸ் வந்து பக்கத்தில் நின்றது. கண்டக்டர் படியிலிருந்தே குனிந்து பார்த்தான்.

"என்ன மாப்ள, அலுமினியச் சட்டியில சோறு வேகலையா?"

எங்கள் வண்டி ஆட்கள் எல்லாரும் இறங்கி அதில் ஏறிக்கொண்டார்கள். கோழிக்காரம்மா மட்டும் ஏறுவதற்கு முன் "வாரியாத்தா, நீயும் ஏறிக்க" என்றார். நான் மாட்டேன் என்றேன். இரண்டு மாடு பூட்டி, கயிறு கட்டி, காரை ஊருக்கு இழுத்து வந்தோம். ஸ்டாண்டைக் கடக்கும்போது மாட்டுக்காரர் "எந்தப் பட்டறைண்ணே?" என்று சத்தமாகக் கேட்டார்.

மேஸ்திரி என்ஜினைப் பிரித்தார். நான்கு பிஸ்டன்களின் விலாவிலும் நகத்தால் பிராண்டியது போல நீள நீளமாகக் கோடுகள். மூன்றாவதில் ஒரு துண்டே உடைந்திருந்தது. சிலிண்டர் சுவரும் கெட்டுப்போயிருந்தது.

அண்ணன் ஸ்டாண்டில் நின்று கத்தினான். "எந்தங்கச்சி ஒவ்வொரு எழுத்தாப் படிச்சுச் சொன்னா. அம்புட்டுப் பேரும் கேட்டீகள்ல? சொன்ன பெறகும் இந்த ஆளு கெடுத்துட்டாருய்யா!"

"கட்டத்துல என்ன போட்டிருக்குன்னு கேட்டேனா இல்லையா?" என்றார் மேஸ்திரி.

"அது நமக்கில்லன்னு சொல்லுச்சுல்ல? பள்ளிக்கூடம் போன புள்ளைக்குத் தெரியாதது ஒமக்குத் தெரியுமோ?"

மேஸ்திரி திரும்பிப் பட்டறைக்கு நடந்தார். டிரைவர்கள் என்னைப் பார்த்தார்கள், பிறகு அவரைப் பார்த்தார்கள். நான் வீட்டுக்குள் வந்து தாளை எடுத்தேன். அந்த விலாக் கோடுகள் கண்ணுக்குள் இருந்தன. படத்தில் அம்புக்குறியும் அதே விலாவைத்தான் காட்டியது. கட்டத்துக்கு மேலே பொடி எழுத்தில், அன்று நான் தாண்டிப்போன இரண்டு வரி. நிறுத்தி நிறுத்திப் படித்தேன். அலுமினியம் சூட்டில் இரும்பைவிட அதிகமாக உப்பும். ஆகையால் பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே கீழ்க்கண்டவாறு இடம் விட வேண்டும். எண்களைப் பார்த்தேன். பழைய பிஸ்டனுக்கு ஒரு வரிசை, இதற்கு ஒரு வரிசை. இதற்கு இரண்டு மடங்கு.

அடுத்த எட்டு நாள் நான் ஒரு இடத்தில் உட்காரவில்லை. சோற்றுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து ஜன்னலுக்குப் போவேன். எதிரே பட்டறையில் சாதாரணமாக இரண்டு கார் நிற்கும். முதல் நாள் ஒன்று நின்றது. மறுநாள் அதையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அப்புறம் ஒரு சைக்கிள். அப்புறம் யாரோ கொண்டுவந்து போட்ட ஸ்டவ் அடுப்பு. மேஸ்திரி அதைப் பிரித்துத் துடைத்து மாட்டி, மறுபடி பிரித்தார். ஆத்தா என்னிடம், "என்ன புள்ள, கூட்டுல அடைச்ச கோழியாட்டம் சுத்துற?" என்றாள். புத்தகம் எடுத்தேன், வைத்தேன். தாளை டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டேன். போட்டதும் எடுத்தேன். கிழித்துவிடலாம் என்றும் ஒரு மத்தியானம் கை போயிற்று. கிழித்தால் அங்கே இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆளான நான் சொல்வதுதான் ஊருக்கு உண்மை. அதை நினைத்தபோதுதான் எனக்கே என்மேல் பயம் வந்தது.

அண்ணன் சாப்பிடும்போது சொன்னான்: "வேற செட்டு பிஸ்டனுக்குப் பம்பாய்க்கு எழுதிப் போட்டாச்சு. வந்ததும் மதுரைப் பட்டறையில குடுத்து மாட்டிருவேன். மேஸ்திரி பட்டறையை மூடிட்டுத் தன் ஊரைப் பாத்துப் போகப் போறாராம்."

நான் கை கழுவாமலே எழுந்து, பெட்டியிலிருந்து தாளை எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தேன்.

மேஸ்திரி நிமிர்ந்து பார்த்தார். "என்ன டீச்சரம்மா, வெயில்ல?"

"மேஸ்திரிண்ணே, அந்தக் கட்டம் நமக்குத்தான். எனக்கு விளங்கல. விளங்கலன்னு சொல்ல வாய் வரல." தாளை நீட்டி, அதில் உள்ளதைச் சொன்னேன்.

அவர் தாளை வாங்கவில்லை. கையில் இருந்த கரித்துணியை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"நீ சொன்னப்பவே எனக்குச் சந்தேகம்தான். வாயை நிறுத்தி யோசிச்சியே, அப்பவே. இன்னொரு தரம் கேட்டிருக்கலாம். ஒரு பொட்டப்புள்ளகிட்ட ரெண்டு தரம் கேக்கணுமான்னு விட்டுட்டேன்." பிறகு குரல் மாறியது. "அதுக்காக நீ செஞ்சது இல்லைன்னு ஆகிருமா? எங்கிட்ட வந்து சொல்றியே, எனக்கா தெரியாது நான் கெடுக்கலைன்னு? எங்க வச்சு எம்பேரு போச்சோ அங்க போய்ச் சொல்லு."

ஸ்டாண்டு இருபது அடி தூரம். அங்கே ஏழெட்டு டிரைவர்கள், அவர்கள் நடுவே சாப்பிட்டுவிட்டு வந்திருந்த அண்ணன். அந்த ஊரில் ஒரு கல்யாணமாகாத பெண் அங்கே போய் நின்று பேசியதில்லை. நான் நின்றேன்.

"இந்தத் தாள்ல கடைசிக் கட்டத்தை நான் படிக்காம விட்டேன். இப்பப் படிக்கிறேன்."

"வீட்டுக்குப் போ புள்ள" என்றான் அண்ணன் பல்லைக் கடித்து.

படித்தேன். முதலில் இங்கிலீஷ், பிறகு தமிழ். அன்று பீடியை அணைத்தவரே இப்போதும் முன்னால் வந்தார். "எம்புட்டு இடம் விடணும்ங்கிற?"

"இரும்புக்கு விடுற மாதிரி ரெண்டு மடங்கு."

"அதான் சூட்டுல உப்பிப் புடிச்சிருச்சு" என்றார் அவர் மற்றவர்களைப் பார்த்து. இன்னொருவர் சிரித்தார்: "ஏத்தா, அடுத்த தடவை என்ஜினையும் நீயே மாட்டிரு, எதுக்கு வம்பு." அண்ணன் யாரையும் பார்க்காமல் ரோட்டைத் தாண்டிப் போய்விட்டான்.

பீடிக்காரர் மறுநாளே தன் காரைப் பட்டறையில் கொண்டுவந்து விட்டார். மற்றவர்கள் விடவில்லை. அண்ணன் என்னிடம் பேசவில்லை. மேஸ்திரி ஊருக்குப் போகவும் இல்லை, போகப் போவதில்லை என்று யாரிடமும் சொல்லவும் இல்லை. நான் மறுபடியும் ஜன்னலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

மூன்று வாரம் கழித்து இரண்டாவது பார்சல் வந்தது. அண்ணன் அதைப் பிரித்து, உள்ளே இருந்த தாளை மட்டும் எடுத்து என் பெட்டிமேல் வைத்தான். மதுரைப் பட்டறை என்றும் சொல்லவில்லை, எதிர்ப் பட்டறை என்றும் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான்.

நான் தாளைப் பிரிக்கவில்லை. செருப்பை மாட்டினேன். ஒரு பிஸ்டனையும் தாளையும் மடியில் சுற்றிக்கொண்டு ரோட்டைக் கடந்து, மேஸ்திரிக்கு முன்னால் எண்ணெய் பிசுக்கு ஏறிய பலகையில் இரண்டையும் வைத்தேன். அங்கே தாளைப் பிரித்து, கடைசிக் கட்டம் மேலே வரும்படி மடித்து, அம்புக்குறி மேல் விரலை வைத்தேன்.

"மேஸ்திரிண்ணே, இந்த அம்பு காட்டுற இடத்துல எங்க வச்சு அளக்கணும்? எனக்குத் தெரியல. தொட்டுக் காட்டுங்க."