வரியை வெல்லப் போனவர்

போன சனிக்கிழமை ரொம்மன் என்ற ஊரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அக்கா உடனே சமையலறைக்குத் திரும்பிவிட்டாள். அத்தான் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு சோபாவில் இருந்தார்.

கொஞ்ச நாளுக்கு முன்னால் இதே வீட்டில்தான் கேக் வெட்டினோம்!

அத்தான் வெளிநாட்டு இணையத்தளம் ஒன்றில் வீடியோ போக்கர் ஆடுகிறவர். எதிரே ஆள் கிடையாது. திரையில் ஐந்து சீட்டு விழும். வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதை மாற்றலாம். தகுதிக்கு மீறிப் பந்தயம் கட்டியிருக்கிறார் — ஒருநாள் பெரிதாகப் பரிசு விழுந்துவிட்டது. அக்காவின் ஒரு வருடச் சம்பளத்தைவிட அதிகம்.

அக்காவுக்கு மருத்துவமனையில் துப்புரவு வேலை. இனிப் பாதி நேரம் போதும் என்று உடனே எழுதிக் கொடுத்துவிட்டாள். அவசரம்தான். ஆனால் திரையில் காசு தெரிகிறதே... யார்தான் நம்பமாட்டார்கள்?

காசை எடுக்கக் கோரிக்கை கொடுத்தும் வரவில்லை. முதலில் கடவுச்சீட்டைக் கேட்டார்கள். பிறகு முகவரிக்குச் சான்றாக மின்சார பில். அது அக்காவின் பெயரில் இருந்தது. வேறு கடிதம் அனுப்பினால், படத்தில் மூலை வெட்டுப்பட்டிருக்கிறதாம். அத்தான் காசு கட்டியபோது இதில் ஒன்றையாவது கேட்டார்களா? அப்போது ஒரு விரல் போதுமாயிருந்தது.

இந்த இழுபறிக்குள் கணக்காளர் நண்பர் ஒருவர் சொல்லியிருக்கிறார் — அப்படி வென்ற காசுக்கு இங்கே வரி கட்ட வேண்டும் என்று.

"அதுக்குப் பிறகு எனக்கு நித்திரை இல்லை," என்றார் அத்தான். "காசு இன்னும் கைக்கு வரேல்லை. அதுக்குள்ளை ஒரு பங்கு போகுது எண்டால்..."

"அதுக்கு என்ன செய்தனீங்கள்?"

"வரிக்குப் போறதை மட்டும் வெண்டு எடுத்துப்போட்டு நிப்பாட்டுவம் எண்டு நினைச்சன்."

காசு வரும்வரை திரையில் அந்தத் தொகைக்குப் பக்கத்திலேயே ஒரு பொத்தான் காத்திருக்குமாம். அழுத்தினால் கோரிக்கை ரத்து. காசு மறுபடி ஆட்டத்துக்கு. தாமதம் தற்செயல் என்று இன்னும் நம்புகிறீர்களா?

சின்னப் பந்தயத்தில் வரி ஈடாகாது. ஆகவே உச்சப் பந்தயம். வேலை முடிந்து வரும் ரயிலில் தொடங்கியவர், ரொம்மனில் இறங்காமல் கடைசி நிலையம்வரை போயிருக்கிறார். அங்கே இறங்கியபோது கணக்கில் ஒன்றும் இல்லை.

மறுநாள் தளத்திலிருந்து மின்னஞ்சல் — உங்கள் ஆவணங்கள் ஏற்கப்பட்டன, வாழ்த்துகள்!

அக்கா சமையலறையிலிருந்து வந்து அவர் முன்னால் நின்றாள்.

"அரசாங்கத்துக்குக் கொஞ்சம் குடுக்க உங்களுக்கு மனம் வரேல்லை. அவங்களுக்கு முழுசாக் குடுத்திட்டு வந்து நிக்கிறியள்."

எனக்கும் அவரைத் தேற்ற மனம் வரவில்லை.

அக்கா முழு நேர வேலையைத் திரும்பக் கேட்டிருக்கிறாள். அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்தாகிவிட்டதாம். அத்தான் திங்கட்கிழமை திராமன் நகரத்தில் இரண்டாவது வேலை ஒன்று கேட்டுப் போகிறார்.

ரயில் டிக்கெட்டை அக்காதான் எடுத்துக் கொடுத்தாள் — அத்தானின் வங்கிக் கார்டு இப்போது அவளிடம்.