சந்தவாசலில் இறந்துபோன குழந்தை

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், நான் தமிழ் இலக்கியம் படித்துக்கொண்டிருந்த காலம். ஆரணியில், எங்கள் தெருப் பள்ளியில் இரண்டாம் தவணை போலியோ சொட்டு மருந்து கொடுத்த ஞாயிற்றுக்கிழமை அது. பிரசவத்துக்கு வந்து எங்களுடன் தங்கியிருந்த அக்கா, கைக்குழந்தையை இடுப்பைவிட்டு இறக்கவேயில்லை. முதல் தவணை மருந்து குடித்த குழந்தையொன்று சந்தவாசலில் இறந்துவிட்டதாம். வீடு தேடி வந்த செவிலியர், அப்படி எதுவும் நடக்கவில்லை என்றார். "அவங்க அப்படித்தான் சொல்வாங்க" என்று அக்கா கதவைச் சாத்திவிட்டாள்.

செய்தி சொன்ன எதிர்வீட்டுப் பெண்மணியிடம், பார்த்தது யார் என்று கேட்டேன். "ஒரு குழந்தை செத்துப்போச்சு, மருந்து வேணாம்" என்று சந்தவாசலிலிருக்கும் அவருடைய ஓர்ப்படி, அதாவது கொழுந்தன் மனைவி, ஆள் மூலம் சொல்லி அனுப்பினாராம், அவ்வளவே. மாலையில் முகாம் முடிந்துவிடும். அதிகம் பேசாத நான், எந்தத் துணிச்சலில் சந்தவாசலுக்குப் பேருந்து ஏறினேனோ!

அந்த ஓர்ப்படி தன் வீட்டு வாசலில் வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். அருகில் அவருடைய சிறு பெண்.

"எங்க ஊர்ல இல்லம்மா, உங்க ஆரணிலதான்! பஸ்ல ரெண்டு பேரு பேசிகினு வந்தாங்க. சேலை டிசைனுக்கு அட்டை குத்துறாங்களே, பள்ளிக்கூடத்துத் தெருல, அந்த வீடு. மருந்து குடிச்சதும் கண்ண மூடிட்டானாம்."

அந்தத் தெருவில் பட்டுத் தறிக்கு டிசைன் அட்டை குத்தும் வீடு ஒன்றுதான், அது எங்களுடையது! இரவெல்லாம் அழுது படுத்திய அக்காவின் பையன், முதல் தவணையன்று மருந்து குடித்து வந்ததும் அயர்ந்து தூங்கினான். "மருந்து குடிச்சதும் கண்ண மூடிட்டான்" என்று குழாயடியில் நிம்மதியாகச் சொன்னவள் என் அக்காவேதான். உறக்கமாகப் புறப்பட்ட சொல், பேருந்தில் ஏறி மரணமாகிவிட்டிருந்தது.

"அது எங்க வீடுங்க. பையன் நல்லா இருக்கான்."

"அப்ப செத்தது யாரு?" சற்று ஏமாற்றம்கூடத் தெரிந்தது அவர் குரலில்.

"யாருமே இல்லீங்க."

என்னை உற்றுப் பார்த்தவர், சட்டென்று சிரித்தார். "ஐய, நான் வேற ஊரு முச்சூடும் சொல்லிகினு கெடந்தேனே!" மடியிலிருந்த கடலைத் தோலை உதறிவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு மருந்து கொடுக்கும் இடத்துக்குக் கிளம்பினார்.

பேருந்து நிலையத்திலிருந்து வீடுவரை ஓடினேன். நான் சொல்லி முடித்ததும், அக்கா குழந்தையோடு வாசலுக்கு வந்தாள்.

"நீ கெளப்பிவுட்ட கதைக்கு நீயே பயந்துகினியா?" என்று எதிர்வீட்டுக்காரர் சீண்டினார்.

"நீங்க வேற பேஜார் பண்ணாதீங்கக்கா! வாடி, ஜல்தி!" என்று அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

மருந்துப் பெட்டியை மூடப்போகும் நேரத்தில் பள்ளிக்குள் நுழைந்தோம். இம்முறை அவன் கண்ணை மூடவில்லை. தெருவே திரும்பிப் பார்க்கும்படி வீறிட்டு அழுதுகொண்டே வீடு வந்தான். அக்காவோ சிரித்துக்கொண்டே வந்தாள்.

இன்றும் யாராவது பதறிப்போய் ஒரு செய்தியைச் சொன்னால், அது முதன்முதலில் எந்தச் சொல்லாகப் புறப்பட்டது என்று தேடிப் போகத் தோன்றுகிறது. தேடிய வழி எங்கள் வீட்டு வாசலிலேயே வந்து முடியக்கூடும் என்பது எனக்குத் தெரியும்.