கையெழுத்துக்கு மேலே ஒரு கோடு

எங்கள் அழைப்பை மதித்து, அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்கள், நண்பர்கள், கலங்கல்மேட்டு மக்கள் அனைவருக்கும் வணக்கம். பந்தியில் இடம் பார்க்கும் அவசரத்தில் இருப்பவர்கள் இந்த நினைவு மலரை மடித்து வைத்துக்கொண்டு, சாப்பிட்ட பிறகு படித்தால் போதும். ஆனால் கடைசி வரி வரை படித்துவிடுங்கள். பாதியில் நிறுத்துவது எவ்வளவு பெரிய தப்பு என்று எனக்குத் தெரியும். இந்தக் கட்டுரையே அதைப் பற்றியதுதான்.

அம்மா பிறந்தது புள்ளலூரில். வீட்டுக்கு மூன்றாவது பெண். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அச்சில் இருப்பதை எழுத்துக்கூட்டிப் படிப்பார். கையால் எழுதியதைப் படிக்க வராது. பத்தொன்பது வயதில் நைனாவைக் கட்டிக்கொண்டு, சாலவாக்கம் பக்கத்தில் இருக்கும் எங்கள் கலங்கல்மேட்டுக்கு வந்தார்.

வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஏரி நிரம்பி வழியும் கலங்கலுக்கு அந்தப் பக்கம் இருப்பதால் இந்த இடத்துக்கு அப்படிப் பெயர். நாற்பத்திரண்டு வீடுகள். ஊராட்சி அலுவலகம், ரேஷன் கடை, பள்ளிக்கூடம் எல்லாம் ஏரிக்கு மறுபக்கம், பெரிய ஊரில். கரையைச் சுற்றிக்கொண்டு போனால் இரண்டரை கிலோமீட்டர். ஐப்பசியில் கலங்கல் பாய்ந்துவிட்டால் அந்த வழியும் கிடையாது. காகிதத்தில் நாங்களும் அந்த ஊராட்சிதான், ஆறாவது வார்டு. ஆனால் மேட்டில் இருந்த அடிபம்பில் உப்புத் தண்ணீர்தான் வரும். நல்ல தண்ணீருக்கு ஏரிக்கரைக் கிணறு. அம்மா வந்த நாளிலிருந்து இருபது வருடத்துக்கு மேல், காலையில் நாலு குடம், சாயங்காலம் நாலு குடம் சுமந்தார். அவருடைய கழுத்து கொஞ்சம் இடது பக்கமாகச் சாய்ந்தே இருக்கும். புகைப்படத்தில் அழகுக்காகச் சாய்த்திருப்பதாக யாரும் நினைத்துவிட வேண்டாம்.

ஆறாவது வார்டைப் பெண்களுக்கு என்று ஒதுக்கியபோது, யாரை நிறுத்துவது என்று மேட்டில் பேசினார்கள். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் அளவு குறைந்தபோது அம்மா போட்ட சத்தம் ஏரியைத் தாண்டிக் கேட்டதாகச் சொல்வார்கள். அந்த ஒரு தகுதிக்காகவே அவரை நிறுத்தினார்கள். சீப்புச் சின்னம் கிடைத்தது. எங்கள் நைனா தன் வழுக்கைத் தலையோடு வீடு வீடாகப் போய்ச் சீப்புக்கு ஓட்டுக் கேட்டார். அம்மா ஜெயித்ததற்குப் பாதிக் காரணம் அதைப் பார்த்து ஊர் சிரித்த சிரிப்புதான் என்று இன்றும் நைனா உரிமை கொண்டாடுகிறார்.

ஜெயித்தவுடன் அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. கலங்கல்மேட்டுக்கு ஒரு மேல்நிலைத் தொட்டி. இரண்டு வருடம் மனு எழுதினார். எழுதியது நான், சொன்னது அவர். கடைசியில் தொட்டிக்கு அனுமதி வந்துவிட்டதாக ஒன்றிய அலுவலகத்தில் சொன்னார்கள். அன்று அம்மா உத்திரமேரூரிலிருந்து ஒரு கிலோ மைசூர்பாக்கு வாங்கி வந்து எல்லார் வீட்டுக்கும் கொடுத்தார்.

இங்கே எங்கள் ஊராட்சியில் இருந்த ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். மாதா மாதம் கூட்டம் நடந்ததாகத் தீர்மானப் புத்தகத்தில் இருக்கும். நடப்பது என்னவோ ஆடிக்கு ஒரு தரம், அமாவாசைக்கு ஒரு தரம். மற்ற மாதங்களில் உறுப்பினர்கள் கூட்டத்துக்குப் போவதில்லை, கூட்டம்தான் உறுப்பினர்களின் வீட்டுக்கு வரும். அலுவலக உதவியாளர் டி.வி.எஸ். வண்டியில் புத்தகத்தைக் கொண்டுவருவார். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட வேண்டும். வயல் வேலையை விட்டு அவ்வளவு தூரம் யார் நடப்பது என்று எல்லாருக்குமே அது வசதியாகத்தான் இருந்தது. அம்மாவிடம் மட்டும் ஒரு வழக்கம் உண்டு. நான் வீட்டில் இருந்தால், முழுவதும் படித்துக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்.

ஒரு நாள் காலை புத்தகம் வந்தது. நான் அப்போது காஞ்சிபுரத்தில் கல்லூரி இரண்டாம் ஆண்டு. டவுன் பஸ் வரும் நேரம். அம்மாவின் கை முழுக்க இட்லி மாவு.

"இன்னா எழுதிக்கீதுன்னு படிச்சுச் சொல்லிட்டுப் போடி."

பார்த்தேன். தெருவிளக்கு பல்பு, பிளீச்சிங் பவுடர், வாய்க்காலில் முள் வெட்டுவது. அதற்குக் கீழே ஏழெட்டு வரிக்கு இடம் காலியாக இருந்தது. அதற்கும் கீழே கையெழுத்துகள். நடுவில் ஏன் இடம் விட்டிருக்கிறது என்று உதவியாளரைக் கேட்டேன். செயலர் பிறகு எழுதிக்கொள்வார் என்றார் அவர். அந்த நேரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. "எல்லாம் வழக்கமானதுதாம்மா, போடு" என்று சொல்லிவிட்டு ஓடினேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

ஒரு மாதம் கழித்து, தொட்டி கட்டுவதற்கான கம்பியும் ஜல்லியும் வந்து இறங்கின. மேட்டில் இறங்கவில்லை, பெரிய ஊரில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இறங்கின. எங்கள் ஆட்கள் போய்க் கேட்டபோது, அப்போது இருந்த தலைவர் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். கலங்கல்மேட்டில் தகுந்த இடம் இல்லாததால் தொட்டியைத் தாய்க்கிராமத்திலேயே கட்டிக்கொள்ள உறுப்பினர்கள் ஒருமனதாகச் சம்மதிப்பதாக அதில் எழுதியிருந்தது. அந்த ஏழெட்டு வரி இடத்தில் அது கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. கீழே அம்மாவின் கையெழுத்து, பெரிய பெரிய எழுத்தில்.

ஆகஸ்டு பதினைந்து கிராம சபையில் இது வெடித்தது. கன்னியம்மா அத்தைதான் எழுந்து கேட்டார். எங்கள் நைனாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா, அடுத்த வீடு. எங்களுக்குத் தண்ணீர் வேண்டாம் என்று நீயே எழுதிக் கொடுத்தாயா என்று, அத்தனை பேர் முன்னால் அம்மாவைக் கேட்டார். மைசூர்பாக்குக் கொடுத்ததையும் சொல்லிக் காட்டினார்.

அம்மா எழுந்து நின்றார். "கையெழுத்து என்னுதுதான் அண்ணி. இன்னா எழுதிக்கீதுன்னு கேக்காம போட்டுட்டேன். தப்பு என்னுது."

நான் அவருக்குப் பின்னால், துப்பட்டாவில் கொடி குத்திக்கொண்டு நின்றிருந்தேன். அவர் கேட்டார். கேட்டதற்கு நான் பதில் சொன்னேன். அந்தப் பதில்தான் பொய். புத்தகம் கொண்டுவந்த உதவியாளரை விட்டால், இது அந்தக் கூட்டத்தில் எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அம்மா ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

அதன் பிறகு மேட்டில் அம்மாவை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கிணற்றடியில் அம்மா வந்தால் பேச்சு நின்றுவிடும். வழக்கமாகக் குடத்தைத் தூக்கிவிடும் கைகள் சும்மா இருக்கும். அம்மா தானே குடத்தை முழங்காலில் ஏற்றி, இடுப்பில் வைத்துக்கொண்டு வருவார். வீட்டில் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. எனக்கு வழக்கம்போலச் சாப்பாடு கட்டிக் கொடுத்து, வழக்கம்போலப் பஸ்ஸுக்கு விரட்டினார்.

அந்தப் பதவிக் காலம் முடிந்தது. பிறகு சில வருடங்கள் தேர்தலே நடக்கவில்லை. தலைவரும் கிடையாது, உறுப்பினரும் கிடையாது. எல்லாவற்றுக்கும் தனி அலுவலர்தான். அம்மா அதற்காகவெல்லாம் வீட்டில் உட்காரவில்லை. இடம் இல்லை என்றுதானே எழுதினார்கள், இடத்தைக் காட்டுகிறேன் என்று கிளம்பினார். எங்கள் களத்துமேட்டு ஓரத்தில் மூன்று சென்ட். நைனா முதலில் முணுமுணுத்தார். நெல் காயவைக்க இடம் வேண்டாமா என்றார். அம்மா அவரிடம் சண்டை போடவில்லை. மறுநாள் காலையில் ஒரு காலிக் குடத்தை அவர் கையில் கொடுத்து, கிணற்றுக்குப் போய்வரச் சொன்னார். மூன்றாம் நாள் நைனா உத்திரமேரூருக்குப் போய் ஊராட்சி பெயருக்குத் தானப் பத்திரம் எழுதிவிட்டார்.

பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஒன்றிய அலுவலகத்துக்கு எத்தனை தடவை போனார் என்று கணக்கில்லை. உட்கார நாற்காலி கொடுத்து, எந்தக் காகிதம் எங்கே போக வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தவர்களும் அங்கே இருந்தார்கள். ஒரு நாள் பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறதென்று உத்திரமேரூர் கல்வெட்டு மண்டபத்துக்கு நான் அழைத்துப் போனேன். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ஊர்ச் சபைக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது என்று சுவரில் வெட்டியிருப்பதை எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். அம்மா குனிந்து, சுவரின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். "கடைசி வரிக்குக் கீழ எடம் எதுனா வுட்டுக்கீறாங்களான்னு பாக்கறேன்" என்றார். பக்கத்தில் நின்ற சுற்றுலாக்காரர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுபடி தேர்தல் வந்தது. யாரை நிறுத்துவது என்று மேட்டில் கூடியபோது அம்மா வீட்டை விட்டே போகவில்லை. அங்கே அம்மாவின் பெயரைச் சொன்னது கன்னியம்மா அத்தை. ஒரு தரம் ஏமாந்தவள் அவள், இனி அவளை எவனாலும் ஏமாற்ற முடியாது என்று சொன்னாராம். எல்லாரும் சரி என்றார்களாம். இந்த முறை நைனா சீப்போடு அலைய வேண்டிய அவசியமே இல்லாமல் போனது.

முதல் மாதமே தீர்மானப் புத்தகம் வழக்கம்போல வீட்டுக்கு வந்தது. அம்மா புத்தகத்தை வாங்கவில்லை. தானே ஏரிக்கரையைச் சுற்றி நடந்து அலுவலகத்துக்குப் போனார். என் பழைய ஸ்கேல் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போனார். முழுவதும் படிக்கச் சொல்லிக் கேட்டார். கடைசித் தீர்மானத்துக்குக் கீழே ஸ்கேலை வைத்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரு கோடு இழுத்தார். கோட்டுக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். செயலர் புதியவர், நல்ல மனிதர்தான். ஆனாலும் புத்தகத்தைக் கிறுக்கக் கூடாது என்று சொல்லிப் பார்த்திருக்கிறார்.

"கிறுக்கல சார். முடிச்சு வெக்கிறேன்" என்றாராம் அம்மா.

இரண்டு மாதம் எல்லாருக்கும் பேஜாராக இருந்தது. மூன்றாவது மாதம் நாலாவது வார்டு உறுப்பினரும் ஸ்கேலைக் கடன் கேட்டார். வருடம் திரும்புவதற்குள் செயலரே கோடு போட்டுவிட்டுத்தான் புத்தகத்தை நீட்ட ஆரம்பித்தார். புத்தகம் வீடு வீடாகப் போவது நின்று, உறுப்பினர்கள் நேரில் வந்து உட்காரத் தொடங்கினார்கள். வந்து உட்கார்ந்த பிறகு பேசாமல் இருக்க முடியுமா? பேசினார்கள். சண்டையும் போட்டார்கள். அந்தப் பேச்சில்தான் கலங்கல்மேட்டுத் தொட்டித் தீர்மானமும் நிறைவேறியது.

களத்துமேட்டில் தொட்டி எழும்பி, குழாயில் தண்ணீர் வந்த அன்று அம்மா பேசவும் இல்லை, மாலை போட்டுக்கொள்ளவும் இல்லை. முதல் குடத்தைப் பிடித்துக் கொண்டுபோய்க் கன்னியம்மா அத்தை வீட்டு வாசலில் இறக்கி வைத்தார். அத்தை அந்தக் குடத்தைத் தொடாமல் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் என்னால் தாங்க முடியவில்லை. அம்மா, அன்னிக்குக் காலியிடத்தைப் பார்த்தேன், பார்த்தும் போடச் சொன்னேன் என்று உடைந்துபோனேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார், மடிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்டி. நீ ஓடனப்புறம் நானும்தான் பாத்தேன், எடம் காலியா கீறத. நீ சொன்னியேன்னு போட்டேன். அன்னிக்கு உன் பேரச் சொல்லியிருந்தா இன்னா ஆயிருக்கும்? பொட்டப்புள்ளய படிக்க வெச்ச லட்சணத்தப் பாருன்னு பேசியிருப்பாங்க. அப்புறம் இந்த மேட்டுல எவன் பொண்ண காலேஜுக்கு அனுப்புவான்?"

இந்த வருடம் மேட்டிலிருந்து ஒன்பது பெண் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள். கன்னியம்மா அத்தையின் பேத்தியும் அதில் ஒருத்தி.

பதவிக் காலம் முடிந்த சில மாதங்களில் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. அறுவைக்கு முன்னால் மருத்துவமனையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். முழுவதும் படிக்கச் சொன்னார். படித்தேன், ஒரு வரி விடாமல், கண்ணைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன். கீழே இடம் இருக்கிறதா என்று கேட்டார். இரண்டு விரல் இடம் இருந்தது. நானே கோடு போட்டுக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, என் கன்னத்தைத் தட்டினார். அறுவை முடிந்து வீடு வந்து, பதினோரு நாள் எங்களோடு இருந்தார். தன் தொட்டித் தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, ஒரு மத்தியான நேரத்தில் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார்.

மருத்துவமனையில் மாறி மாறித் துணை இருந்த மேட்டுப் பெண்களுக்கும், கலங்கல் பாய்ந்துகொண்டிருந்த நேரத்தில் அம்மாவை டிராக்டரில் ஏற்றி அந்தப் பக்கம் சேர்த்த தம்பிகளுக்கும், வாலாஜாபாத்தில் நான் வேலை செய்யும் பள்ளியின் ஆசிரியர்களுக்கும், காரியம் முடியும் வரை எங்கள் வீட்டு அடுப்பை எரியவிடாமல் தன் வீட்டிலிருந்தே சமைத்து அனுப்பிய கன்னியம்மா அத்தைக்கும் நானும் நைனாவும் கடமைப்பட்டிருக்கிறோம்.

அத்தை, உங்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். அன்று கிராம சபையில் நீங்கள் கேட்ட கேள்விக்கு அம்மா சொன்னது சரியான பதில் இல்லை. அம்மா கேட்டார். படிக்க வேண்டியவள் நான், படித்தும் மறைத்தவள் நான். தப்பு என்னுது. இவ்வளவு காலம் கழித்துச் சொல்வதற்கு என்னை மன்னியுங்கள். மேட்டு மக்கள் எல்லாரும் மன்னியுங்கள்.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுத்தபோது, கடைசிப் பக்கத்தில் பாதி இடம் காலியாக நிற்கிறது, குத்துவிளக்குப் படமோ தாமரைப் படமோ போடட்டுமா என்று அச்சகத்துக்காரர் கேட்டார். ஒன்றும் வேண்டாம், கடைசி வரிக்குக் கீழே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரு கோடு மட்டும் போடுங்கள், அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன்.

________________________________________

இப்படிக்கு,
மகள்