முள்ளை எடுத்தோம், சுவர் கட்டினோம்

அன்று எங்கள் மாடியில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி எஸ்தர். அவளுடைய அண்ணன் தேவராஜ், கொத்தனார். பக்கத்து வீட்டு பரீதா அக்கா, எஸ்தரோடு சேர்ந்து இலவம்பஞ்சு வேலை செய்கிறவர். எங்கள் சபைப் பாஸ்டர் ஐயா. அப்புறம் நான். ஆண்டவரும் இருந்தார். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் படித்தது நாலாம் வகுப்பு. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு ஆண்டிபட்டியிலிருந்து வைகை அணைக்குப் போகிற வழியில் இருக்கிறது. ஒரே அறை, மேலே மொட்டை மாடி, வெளிப்பக்கம் படி. மாடிக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. தோட்டங்களில் இலவ மரம் ஏறிக் காய் பறிப்பது என் பிழைப்பு. காயை மாடியில் காயப்போட்டு, உடைத்து, பஞ்சு எடுப்பது எஸ்தர் வேலை. பஞ்சு பறந்துவிடும் என்பதால் மேலே வலை விரித்து மூடுவோம். அணையில் மீன் பிடிக்கிறவர்களிடம் பழைய வலை கிடைக்கும்.

2003-ஆம் வருஷம் சித்திரையில் துன்பம் வந்தது. எஸ்தர் மாடியில் காய் கிளறிக்கொண்டிருந்தாள். கீழே சைக்கிளை நிறுத்தினேன். மேலே தடதடவென்று சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் வாயில் நுரை, கைகால் வெட்டி வெட்டி இழுக்கிறது. மாடி விளிம்புக்கும் அவள் தலைக்கும் ஒரு முழம். அந்த ஒரு முழம் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

தேனி பெரியாஸ்பத்திரியில் வலிப்பு நோய் என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். கிணற்றுப் பக்கம் தனியாகப் போகக்கூடாது, அடுப்புப் பக்கம் கவனம், உயரத்தில் ஏறக்கூடாது என்றார்கள்.

நான் அன்றைக்கே கருவேல முள் வெட்டிவந்து மாடிப்படியில் போட்டு அடைத்துவிட்டேன். மரம் ஏறுகிறவன் நான். அவளை மாடி ஏறாதே என்றவனும் நான்.

காயைத் தரையில் காயப்போட்டோம். மண் ஒட்டியது. ஆடு மிதித்தது. பஞ்சு அழுக்கு என்று வியாபாரி திருப்பிவிட்டார். அதைவிடப் பெரிய கஷ்டம், எஸ்தர் பேசுவதை நிறுத்திவிட்டாள். மாடியில் நின்றால் அணைத் தண்ணீர் தெரியும். வேலை முடிந்ததும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவாள். அதுவும் போயிற்று. ஒரு நாள் மட்டும் வாய் திறந்தாள்.

"நான் செத்துருவேன்னு பயந்து என்னைய உசுரோட பூட்டி வச்சிட்டீக."

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டேன்.

இருவரும் ஜெபித்தோம். ஒரே ஜெபம் இல்லை. அவளுக்குச் சுகம் கொடும் என்று நான் கேட்டேன். என்னைத் திரும்ப மாடிக்கு ஏற்றிவிடும் என்று அவள் கேட்டாள். பத்து மாசம் கேட்டோம். வலிப்பு வந்துகொண்டுதான் இருந்தது. ஆண்டவருக்குக் காது இல்லையோ என்று நினைத்தேன். அப்போது அவரை என்னைப் போலவே நினைத்திருந்தேன். அதைச் செய்யாதே, இதைத் தொடாதே என்று படிக்குப் படி முள் போடுகிறவர் என்று. கட்டளை என்றாலே எனக்கு அப்படித்தான் தோன்றும். சபைக்குப் போவேன். சந்தோஷமாகப் போனதில்லை.

மாசி மாசம் ஒரு சாயங்காலம். வீட்டில் தினமும் வேதம் வாசிப்போம். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். அன்று மோசே சொன்ன சட்டங்கள் வந்தன. இந்தப் பகுதியில் எனக்குத் தூக்கம் வரும். குருவிக் கூட்டைப் பற்றி ஒரு சட்டம். அடுத்தது வீட்டைப் பற்றி. புது வீடு கட்டினால் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் வை, யாரும் விழுந்து அந்தப் பழி உன் வீட்டின்மேல் வர வேண்டாம் என்று இருந்தது. கடந்து போய்விட்டேன்.

"நில்லுங்க. அத திரும்ப வாசிங்க" என்றாள் எஸ்தர்.

வாசித்தேன்.

"அவரு ஏறாதன்னு சொல்லலியே. செவரு கட்டுன்னுல்ல சொல்றாரு."

புத்தகத்தை மடியில் வைத்துவிட்டேன். அவள் விழக்கூடாது என்று நானும் நினைத்தேன், அவரும் நினைத்தார். நான் முள் போட்டேன். அவர் சுவர் போடச் சொன்னார். அவள் மேலே போய் நிற்கட்டும் என்றுதான் அந்தச் சட்டத்தையே வைத்திருக்கிறார். பத்து மாசமாகக் கேட்டதற்குப் பதில், எங்கள் வீட்டுப் புத்தகத்திலேயே இருந்தது.

கக்கூஸ் கட்ட வாங்கிய செங்கல் வீட்டில் கிடந்தது. அதை வைத்து மாடிக்குச் சுவர் கட்டித்தாருங்கள் என்று மறுநாள் மச்சான் தேவராஜிடம் போய்ச் சொன்னேன். அவர் அப்போது சபைக்கு வருகிறவர் இல்லை. சிரித்தார்.

"என்ன மாப்ள, கக்கூஸுக்கு வாங்குன கல்ல மாடியில அடுக்கப் போறீகளா? பஞ்சு என்ன சொவரேறிக் குதிச்சு ஓடவா போகுது?"

"ஆண்டவர் சொல்லியிருக்காரு மச்சான்."

"ஒங்க ஆண்டவரு கொத்தனாரு வேலையும் பாக்குறாராக்கும்?"

கேலி பேசினாலும் தங்கச்சிக்காகக் கட்டிக்கொடுத்தார். கூலி வாங்கவில்லை. மழைத் தண்ணீர் போக ஓட்டை விட்டு, உள்ளும் புறமும் பூசி, நன்றாகவே கட்டினார். படியில் கிடந்த முள்ளை எஸ்தர் வெந்நீர் அடுப்பில் வைத்து எரித்தாள். தனியாக எரிக்கவில்லை, நானும் பக்கத்தில் இருந்தேன்.

சித்திரை பிறந்து முதல் காய் மாடிக்கு ஏறிய நாள்தான் நான் முதலில் சொன்ன நாள். உடைத்த பஞ்சை வலையால் மூடி வைத்திருந்தோம். பாஸ்டர் ஐயா வந்து ஜெபம் பண்ணினார். ஆமென் சொல்லிக் கண் திறந்தோம். குப்பென்று ஒரு காற்று. வலையின் ஒரு முனை அவிழ்ந்து எழும்பிவிட்டது. பஞ்சு பறந்தால் எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கண் முழுக்க மேலேதான், கால் எங்கே போகிறதென்று தெரியாது. மச்சான் ஒரே தாவில் வலையைப் பிடித்தார். பிடித்து இழுத்துக்கொண்டே பின்பக்கமாகவே நடந்து மாடி விளிம்புக்குப் போனார்.

"அண்ணே!" என்று எஸ்தர் கத்தினாள்.

இடுப்பு சுவரில் மோதி நின்றார். தோளில் கிடந்த துண்டு மட்டும் கீழே போய் விழுந்தது. எட்டிப் பார்த்தார். கீழே அம்மிக்கல் கிடந்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது.

பரீதா அக்காதான் முதலில் வாய் திறந்தார். "நல்ல கொத்தனாருதேன். கட்டுன செவர ஆரும் கேக்காமலே மோதிச் சோதிச்சுப் பாத்துட்டாக."

எஸ்தர் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, குனிந்து குனிந்து சிரித்தாள். ஒரு வருஷம் கழித்து அந்தச் சிரிப்பைக் கேட்டேன். பாஸ்டர் ஐயா தலையெல்லாம் பஞ்சு. மச்சானும் சிரித்துவிட்டார்.

"ஏத்தா, ஒனக்குன்னு கட்டுனா என்னையல்ல பிடிச்சிருச்சு" என்றார்.

சட்டத்தில் எஸ்தர் விழாமல் என்று எழுதவில்லை. யாரும் விழாமல் என்றுதான் இருக்கிறது.

ஆனி மாசத்தில் எஸ்தருக்கும் மாடியில் ஒரு முறை வலிப்பு வந்தது. பரீதா அக்கா கூடவே இருந்தார். எஸ்தர் சுவரில் சாய்ந்து அப்படியே பஞ்சுமேல் சரிந்தாள். ஒரு சிராய்ப்பு இல்லை. தெளிந்ததும் வலை கட்டியிருக்கிறதா என்று கேட்டாளாம். மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறாள். இப்போது வலிப்பு வருவது அபூர்வம். நான் கேட்டதையும் ஆண்டவர் மறக்கவில்லை. அவள் கேட்டதை முதலில் கொடுத்தார்.

அதற்குப் பிறகு எனக்குக் கட்டளைகளைப் பார்த்துப் பயம் இல்லை. ஓய்வுநாளில் மரம் ஏறுவதில்லை. முன்பு அதை நஷ்டம் என்பேன். இப்போது அன்றைக்குத்தான் என் கை காய்ப்பு ஆறுகிறது, எஸ்தரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறேன். அதுவும் ஒரு சுவர்தான்.

இதை வாசிக்கிறவர்களே, கட்டளை உங்களை அடைக்கிறது என்று தோன்றினால் ஒன்றை மட்டும் எடுத்துச் செய்து பாருங்கள். தைரியமாகச் சாய்ந்து பாருங்கள். தாங்கும்.

மச்சான் இப்போது சபைக்கு வருகிறார். எங்கே வீடு எடுத்துக் கட்டினாலும் மாடிச்சுவர் உண்டா என்றுதான் முதலில் கேட்கிறார். வேண்டாம் என்கிறவர்களை எங்கள் மாடிக்குக் கூட்டிவருகிறார். எஸ்தர் காப்பி கொடுப்பாள். அணைத் தண்ணீரைக் காட்டுவாள். மச்சான் டேப்பை நீட்டிச் சுவரை அளந்து காட்டுவார்.

மூன்றரை அடி.