பூட்டுக்கு ஒரு கால வரம்பு

ரங்கநாயகி காலமான செய்தியும், அவளுக்கு ஃப்ரீசர் பாக்ஸ் இன்னும் வரவில்லை என்ற செய்தியும் ஒரே ஃபோனில் வந்தன. பேசியவன் அவள் மகன். "ஆன்ட்டி, அம்மா விடியக்காலம் போயிட்டா. சங்கத்துல பாக்ஸ் கேட்டோம், நம்பர் வரலைங்கறா. உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னுதான் இவ்வளவு நேரம்..." வெயில் ஏறியிருந்தது.

கணினிப் பிரிவில் எங்களோடு வேலை பார்த்த உங்களுக்கு அவளை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மெஷின் அறையில் உணவு கூடாது என்று நான் ஒட்டிய தாளின் கீழேயே நின்று தயிர்வடை தின்றவள். நான் அதிகாரியை அழைத்து வந்தேன். அவர் கையிலும் ஒன்றை வைத்தாள். "மதர் உன்னை கான்வென்ட்லேர்ந்து வெளில விட்டுட்டா, நீதான் இன்னும் வரலடி ஸ்டெல்லா!" அதிகாரி சிரித்துக்கொண்டே வடையைத் தின்றார்.

நம் ஓய்வூதியர் சங்கத்துக்கு இருப்பது ஒரே ஃப்ரீசர் பாக்ஸ். கைலாசபுரம் அலுவலகம், ஸ்ரீரங்கம் கிளை இரண்டிலும் அதைப் பதிவு செய்யலாம். இரண்டு இடத்துப் பதிவு நிரல்களும் ஒரே நேரத்தில் பட்டியலில் எழுதியதால் ஒருமுறை ஒரே பாக்ஸ் இரண்டு துக்க வீடுகளுக்கு ஒதுக்கப்பட்டு, பெரிய சண்டை. அதன் பிறகு நானும் அவளும் சேர்ந்து பூட்டு லைப்ரரி என்ற ஆயத்த நிரல் தொகுப்பு ஒன்றைப் பயன்படுத்தினோம். ஒரு நிரல் பூட்டை எடுத்தால், அது திருப்பித் தரும்வரை மற்றது காத்திருக்கும். பதிவு எண் வராமல் பாக்ஸைக் கொடுக்கக் கூடாது என்பதும் நான் போட்ட சட்டம்தான்.

பூட்டுக்குக் கால வரம்பு வைக்கவும் அந்த லைப்ரரியில் வழி உண்டு; நேரம் கடந்தால் பூட்டு தானே விடுபடும். "முப்பது விநாடி வச்சுடுடி. பூட்டை எடுத்தவ பொட்டுனு போயிட்டா, வாசல்ல நிக்கறவ என்ன பண்ணுவா?" என்றாள் ரங்கநாயகி.

"எடுத்தவங்க திருப்பிக் குடுக்கணும். அதுதான் டிசிப்ளின். நான் எழுதினது பாதியில சாகாது."

"சரி தாயே" என்று எழுந்துபோய்க் காப்பி போட்டாள்.

மகன் ஃபோனை வைத்ததும் சங்க அலுவலகத்தைக் கூப்பிட்டேன். அங்கே பதிவைப் பார்த்துக்கொள்ளும் சேகர் எடுத்தார். "ஸ்க்ரீன் காலைலேருந்து சுத்திக்கிட்டே இருக்குங்க மேடம்."

"பாக்ஸ் எங்கே?"

"இங்கதான், என் பக்கத்துல."

"அப்ப அனுப்ப வேண்டியதுதானே!"

"நம்பர் இல்லாம குடுத்தா வேலைய விட்டே அனுப்பிடுவேன்னு நீங்கதான மேடம் சொன்னீங்க?"

எனக்கு ஃபோன் செய்யக்கூட அவருக்குப் பயம். நம்பர் இல்லாமலே உடனே அனுப்பச் சொன்னேன். முந்தின மாலை கரண்ட் போனபோது, கிளையின் நிரல் பூட்டை வைத்துக்கொண்டே செத்திருக்கிறது. அலுவலக நிரல் அதற்காகக் காத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

பாலக்கரையிலிருந்து ஆட்டோவில் நான் அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பாக்ஸ் அப்போதுதான் வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. கூடத்தில் அவளைச் சுற்றி ஐஸ் பாளங்கள். உருகிய நீரை மருமகள் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள். என் புடவைக் கரை நனைந்தது.

"வாங்கோ மாமி. அதான் பாக்ஸ் வந்துடுத்தே, கவலைப்படாதீங்கோ" என்று அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். அந்த வீட்டில் நான் தலை நிமிரவில்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் கால வரம்பை வைத்தேன், அவள் அன்று கேட்ட அதே முப்பது விநாடி. பிறகு, ஓடிக்கொண்டிருந்த நிரலைப் பூட்டோடு நானே நடுவில் நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூட்டு தானாக விடுபட்டது. காத்திருந்த நிரல் உள்ளே போய்ப் பதிவு எண்ணைக் கொடுத்தது.

"பாத்தியாடி" என்று அவள் சொல்லியிருப்பாள். இத்தனை வருடங்களில் அவளிடம் ஒருமுறைகூட "நீ சொன்னதுதான் சரி" என்று நான் சொன்னதில்லை. அவளுடையது என்று என்னிடம் இருப்பது அந்த முப்பது விநாடிதான். அதை யாரும் மாற்ற வேண்டாம் என்று சேகரிடம் சொல்லியிருக்கிறேன். இந்த முறை அதட்டவில்லை, கேட்டுக்கொண்டேன்.